எட்டுக்குக் கீழே

ரத்தம் கொடுத்தாயிற்று. இனித் தான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் ஆவுடைநாயகத்துக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பாளையங்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலி ஒன்றில், வயிற்றின் இடது பக்கம் துருத்திக்கொண்டு தெரியாதபடி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா இருந்தார். ரிசல்ட் வந்ததும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எட்டு. எட்டுக்குக் கீழே வந்தால் அறுத்துவிட்ட குடலை மறுபடி சேர்த்துத் தைப்பார்கள், வயிற்றில் தொங்குகிற பை போய்விடும். எட்டுக்கு மேலே நின்றால் பையும் நிற்கும். எவ்வளவு காலம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்கிற பயம். எட்டு என்ன பெரிய எண்ணா? வாலிப வயதில் வண்டிக்கு லைசென்ஸ் வாங்க எட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறார். அன்றைக்கும் பாதி வளைவில் கால் ஊன்றிவிட்டு, ஊன்றவே இல்லை என்று அதிகாரியிடம் சாதித்து லைசென்சோடு வந்தவர். ஜாதகத்தில் எட்டாம் இடத்துச் சனி என்று ஒருவன் பயமுறுத்தினான், அதையும் எள்விளக்குப் போட்டுச் சமாளித்தாயிற்று. இந்த எட்டு அப்படிக் கால் ஊன்றவும் விடாது, விளக்குக்கும் மசியாது. இதற்கு மூன்று மாதச் சர்க்கரை என்று பேர். போன மூன்று மாதத்தில் இந்த மனுஷன் என்னென்ன தின்றான் என்பதை ரத்தமே ஞாபகம் வைத்திருக்குமாம். சித்திரகுப்தன் வேலையை ரத்தத்துக்கு எப்போது கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

வெறும் வயிற்றில் எடுக்கிற பழைய டெஸ்ட் தங்கமான டெஸ்ட். அதை ஏமாற்றுவது எப்படி என்று அவர் ஒரு வகுப்பே எடுத்திருக்கலாம். குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெறும்வரை, பாதிப் பேருக்குச் சர்க்கரை இருந்த அந்த ஆபீசில் எல்லோரும் அப்படித்தான். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ராத்திரிச் சோறு நின்றுவிடும். விடிந்ததும் பாகற்காய்ச் சாறு. சாயங்காலம் ஆற்றுப்பாலம் வரை கை வீசி நடை. ரத்தம் கொடுத்த கையோடு, பஞ்சைக்கூட எடுக்காமல், நேரே ஹோட்டலுக்குப் போய் பூரி கிழங்கும் அதற்குத் துணையாக ஒரு ஜிலேபியும். நம்பர் நல்ல நம்பராக வரும். தெருமுனை டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, “உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இல்ல” என்பார். அதைக் கேட்டு இவருக்கு உள்ளூர வெட்கமாக இருந்ததா? இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்துப் பாஸான பையன் வருஷம் முழுக்கப் படித்தவனைப் பார்த்துச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. எத்தனை வருஷம் சிரித்தாயிற்று. எட்டு. கதவு திறந்தது, இவர் எழுந்திருக்கப் பார்த்தார், வேறு யாரோ ஒரு பொம்பளையின் பேரைச் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

பக்கத்து நாற்காலிக்காரர், தலையில் குல்லாய் வைத்த பெரியவர், இதற்காகவே காத்திருந்தவர் போலத் திரும்பினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாதவனிடம் வியாதியைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை, கல்யாண வீட்டில் எந்த ஊர் என்று கேட்பதுபோல்தான். “என்ன ஆபரேசன்?” “குடல்ல கட்டி. எடுத்தாச்சு.” “பை வச்சிருக்கோ?” என்று அவர் இவருடைய சட்டையையே பார்த்துக் கேட்டார். இழுத்துவிட்டதெல்லாம் வீண். “எங்க மச்சானுக்கும் வச்சாங்க.” “இப்ப எடுத்துட்டாங்களா?” என்று ஆவுடைநாயகம் கேட்ட வேகம் அவருக்கே அசிங்கமாக இருந்தது. “எங்க எடுத்தாங்க. அவருக்குச் சுகரு, ஹார்ட்டு எல்லாம் உண்டு. வேண்டாம்னுட்டாங்க. ஆனா நல்லா இருக்காரு. பழகிட்டாரு.” பெரியவர் ஆறுதலாகத்தான் சொன்னார். பழகிட்டாரு. அந்த வார்த்தை வந்து காலில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. மனுஷனுக்கு எதுதான் பழகாது? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வெயிலில் வேலை பழகியது, சாக்கடைக்குள் இறங்குவது பழகியது, அப்பா செத்தது பழகியது. முதல் வாரம் வயிற்றில் சிவப்பாகத் துருத்திக்கொண்டிருந்த அந்தக் குடல் வாயைப் பார்த்து வாந்தியெடுத்தவர், இப்போது அதைச் சுற்றித் துடைத்துப் பசை தடவிப் பையை ஒட்டிக்கொண்டே மத்தியானம் என்ன குழம்பு என்று கேட்கிறார். அப்படியென்றால் தானும் பழகிவிட்டாரா? பழகிவிட்டது தெரிந்தால் டாக்டரம்மா சேர்க்காமல் விட்டுவிடுவாரோ? இது என்ன கிறுக்கு யோசனை என்று தன்னையே அதட்டிக்கொண்டார். யோசனை போகவில்லை.

கட்டி வந்ததுகூட அவருக்கு இவ்வளவு தொந்தரவாக இல்லை. ரத்தம் போனபோது மூலம் என்று நினைத்து, பெண்டாட்டி பிரமு கருணைக்கிழங்கு வாங்கி விதவிதமாகச் சமைத்துப் போட்டு, அதில் சில மாதம் போனது. ஒருநாள் குடல் ஒரேயடியாக அடைத்துக்கொண்டு வயிறு பானையாக வீங்க, இங்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். “சர்க்கரை எப்படி இருக்கு?” என்று டாக்டரம்மா கேட்டதற்கு, அந்த வலியிலும் அவர், “நல்ல கண்ட்ரோல் டாக்டர்” என்றார். டாக்டரம்மா அந்தப் பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு மூன்று மாத டெஸ்டை எடுத்தார். பதினொன்று. இறங்கட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. கட்டி இருந்த துண்டை வெட்டியெடுத்தார்கள், வெட்டிய முனைகளைச் சேர்க்காமல் ஒன்றை மூடிவைத்து, ஒன்றை வயிற்று வழியாக வெளியே கொண்டுவந்து பையை மாட்டினார்கள். சேர்த்தால் பிடிக்காது என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் செங்கோட்டைக்காரர் ஒருவர், இவரைவிட மூத்தவர், இதே டாக்டரம்மா, இதே குடல், இதே கத்தி. ஒரே வாரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனார். பை கிடையாது. இவருக்குத் தையல் பிரிந்து வயிறு வாயைத் திறந்துகொண்டது. நர்ஸ் தினமும் வந்து உள்ளே துணியைத் திணிக்கும்போது தலையைத் தூக்கிப் பார்த்தார். ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆட்கள் சாப்பிடப் போன பள்ளம் மாதிரி இருந்தது. “மேல மூடக்கூடாது அய்யா, உள்ள இருந்து ஆறி வரணும்” என்றாள் நர்ஸ். “செங்கோட்டைக்காரருக்கு எப்படிம்மா உடனே ஆறுச்சு?” “அவருக்குச் சர்க்கரை இல்ல.” அவ்வளவுதான். கோபமில்லை, கிண்டலில்லை. மழை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். கட்டி பரவவில்லை, மருந்து ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊரே நடுங்குகிற வியாதி ஒரு காலைப்பொழுதில் போய்விட்டது. தெருவில் பாதிப் பேருக்கு இருக்கிற வியாதி இருந்துகொண்டு ஆளைத் தின்கிறது.

இந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்த பிரமு ஒயர் கூடையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் ஊற்றினாள். இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், அதுவே ஒரு பெருந்தன்மையாக அவருக்குப் பட்டது. “சூடு ஆறதுக்குள்ள குடிச்சிருங்க.” குடித்தார். உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபி, தொண்டைக்குள் இதமாக இறங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே பிரமு சீனி டப்பாவை எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தாள். இனி இந்த வீட்டு வாசலுக்குள் வெள்ளைச் சீனி வரக்கூடாது. வரவில்லை. பிரமு சொன்னால் சொன்னதுதான். மிட்டாய், பிஸ்கட், பழ ஜூஸ் என்று எதுவும் இல்லை. சோறு பாதியாகக் குறைந்தது. உடம்பு எலும்பாகப் போய்விட்டதே, புண் ஆற வேண்டுமே என்று காலையில் கருப்பட்டிக் காபி, பதினொரு மணிக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய உளுந்தங்களி, சாயங்காலம் சுக்குக் கருப்பட்டி. கையில் வாங்கியதைக் குழந்தைபோலச் சாப்பிட்டார். அவள் வைத்ததைத் தவிர ஒரு பருக்கையைக்கூடத் திருடித் தின்னவில்லை. சாகப்போகிற வயதில் யோக்கியனாகிவிட்டோமே என்று சில சமயம் சிரிப்புக்கூட வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, முந்தின நாள் வேஷம் எதுவும் போடாமல் பரீட்சைக்கு வந்திருக்கிறார். அதனால்தான் பயம். வேஷம் போட்ட நாட்களில் பயமே இருந்ததில்லை. அப்போது பை ஒரு சத்தம் போட்டது, நீளமாக, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி. குல்லாய்ப் பெரியவர் மரியாதையாக மேலே ஃபேனைப் பார்த்தார். பிரமு குனிந்து, உதட்டை அசைக்காமல், “மாப்பிள்ளை என்ன சொல்லுதாரு?” என்றாள். “காபி நல்லாருக்குங்காரு.” வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்றுதான் பேர், வைத்தவள் பிரமு. அவர்களுக்கு ஒரே மகன், மஸ்கட்டில் இருக்கிறான். பெண் இல்லாத வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்ட மாப்பிள்ளை. நேரம் காலம் கிடையாது, நினைத்தபோது சத்தம் போடுவார், எதிர்த்து ஒரு சொல் சொல்ல முடியாது, விழுந்து விழுந்து கவனிக்க வேண்டும். பிரமு அந்தப் பேரை வைத்த ராத்திரி, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தால் புண் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவர் என்ன ஆகியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

ஆனால் மாப்பிள்ளையைப் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அங்கேதான் மனசு ஒவ்வொரு முறையும் போய் முட்டியது. சொந்தத்தில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பந்தி விசாரிப்பு ஆவுடைநாயகம்தான். பத்திரிகை வைக்கும்போதே, “பந்தியை நீங்க பாத்துக்கணும்” என்று வெற்றிலையோடு சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வரிசையின் நடுவே போவார். எந்த இலையில் அவியல் தீர்ந்தது, எந்தக் கிழவிக்குக் குழைந்த சோறு வேண்டும், எந்த மனுஷன் சம்பந்திமேல் கோபித்துக்கொண்டு இலையை மூடப் பார்க்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டில் தேங்காய்ப்பால் சொதி போடுகிற அன்றைக்கு இஞ்சிப் பச்சடியை இரண்டாம் தடவை கேட்க வெட்கப்படுகிறவர்கள் முகத்தைப் பார்த்தே வாளியைக் கூப்பிடுவார். ஆனால் விசாரிக்கிறவன் குனிய வேண்டும். நிமிர்ந்து நின்றுகொண்டு போதுமா என்று கேட்டால் அது விசாரணை, விசாரிப்பு இல்லை. இலைக்கு மேல் குனிந்து, காதோரமாக, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா என்று கேட்க வேண்டும். வயிற்றில் அதைக் கட்டிக்கொண்டு அடுத்தவன் இலைக்கு மேலே எப்படிக் குனிவது? போன மாதம் மச்சினன் மகள் கல்யாணத்தில் கை கழுவுகிற இடத்துப் பக்கமாக ஒதுங்கி நின்றார். பந்தியில் யாரோ ஒரு சின்னப் பையன் வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டே, “பாயசம் யாருக்கு, பாயசம் யாருக்கு” என்று கத்திக்கொண்டு ஓடினான். இலைகளில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மச்சினன் பெரிய மனசோடு ஒரு தம்ளர் பாயசத்தை இவருக்காகக் கொண்டுவந்தான். தூரத்தில் பிரமுவின் கண் அந்தத் தம்ளர்மேல் இருந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்த முந்திரிப்பருப்பு நெய்யில் சிவந்து மேலே மிதந்தது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. தொடவில்லை. எட்டு. தொடவே இல்லை.

“ஆவுடைநாயகம்!” என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்தபோது அவர் ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தார். பிரமுதான் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உக்காருங்க. ஒன்பதே முக்கால் இருக்குய்யா.”

ஒன்பதே முக்கால். ஏதோ தன் செருப்பு அளவைச் சொன்னதுபோல அதைக் கேட்டுக்கொண்டார். இதில் கூட்டிக் கழிக்க ஒன்றுமில்லை.

“முன்னால பதினொண்ணு. குறைஞ்சிருக்கு, ஆனா போதாது. இப்ப சேர்த்தா தையல் பிடிக்காது. பிடிக்காம உள்ளேயே கசிஞ்சுதுன்னா, அப்புறம் பையைப் பத்திப் பேச நீங்க இருக்க மாட்டீங்க.”

அவருக்குப் புரிந்தது. உப்புத் தண்ணீர் ஓடி அரித்துப்போன குழாயில் ஜாயிண்ட் நிற்காது என்று எத்தனை தெருவில், குடத்தோடு நின்ற எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறார். ஜாயிண்டில் குற்றமில்லை, குழாய் சரியில்லை. அந்தப் பெண்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அப்படித்தான் தானும் இப்போது டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“சாப்பாடு என்ன எடுத்துக்கறாரு?”

பிரமு இந்தக் கேள்விக்காகவே வந்தவள். முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “சீனிங்கிற பேச்சே வீட்டுல கிடையாது டாக்டர். அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சு. எல்லாத்துக்கும் கருப்பட்டிதான். மூணு நேரமும். அசல் உடன்குடிக் கருப்பட்டி, கலப்படம் கிடையாது.”

டாக்டரம்மா கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார். “அம்மா, கருப்பட்டியும் சர்க்கரைதான்.”

“அது பனையில இருந்து எடுக்கதுல்லா?”

“எதுல இருந்து எடுத்தாலும் ரத்தத்துக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா.”

பிரமு திரும்பிக் காலடியில் இருந்த ஒயர் கூடையைப் பார்த்தாள். பிளாஸ்க்கின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய முகம் வெளிறிப்போவதை ஆவுடைநாயகம் பார்த்தார். ஒன்பதே முக்கால் என்று கேட்டபோது கலங்காதவருக்கு இப்போது நெஞ்சு பதறிவிட்டது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படியொரு பயத்தை அவர் பார்த்ததில்லை. தன் கையாலேயே கொடுத்திருக்கிறாள், தினம் மூன்று வேளை.

“டாக்டர்” என்றார். “அவ மேல தப்பில்ல. மச்சினன் மக கல்யாணத்துல நான் பாயசம் குடிச்சிட்டேன். ஒண்ணு ரெண்டு இல்ல. அவளுக்குத் தெரியாது.”

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். ‘நல்ல கண்ட்ரோல்’ என்று இவர் சொன்ன அன்றைக்குப் பார்த்த அதே பார்வை, ஆனால் கொஞ்சம் இளகியிருந்தது. “ஒரு நாள் பாயசத்துக்கு இவ்வளவு நிக்காதுய்யா” என்றார். பிறகு பிரமுவின் பக்கம் திரும்பி, “நிறையப் பேர் இதைத்தாம்மா செய்யறாங்க. இன்னைலேர்ந்து நிறுத்துங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்” என்று சீட்டில் எழுதினார்.

வெளியே வந்தார்கள். குல்லாய்ப் பெரியவர் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஃபேனைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடி பஸ் நிறுத்தம். பிரமு பிளாஸ்க்கைத் திறந்து மிச்சக் காபியை மரத்தின் தூரில் ஊற்றினாள். கடைசிச் சொட்டு வரை உதறினாள்.

“எதுக்குப் பொய் சொன்னிய?”

“எது பொய்?”

“நீங்க குடிக்கல. நான் பாத்துக்கிட்டுல்லா இருந்தேன். தம்ளரை வேண்டாம்னு தள்ளுனியளே.”

“நீ போன பெறவு குடிச்சேம்ளா.”

“போங்க” என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷம் ரத்தத்தை வைத்துச் சொன்ன பொய்யையெல்லாம் பெரிய படிப்புப் படித்த டாக்டர்மார் நம்பினார்கள். இன்றைக்கு வாயைத் திறந்து சொன்ன ஒரு பொய்யை இரண்டு பெண்பிள்ளைகளில் ஒருத்தர்கூட நம்பவில்லை. கை விட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். யோக்கியனாக இருந்தால் இப்படித்தான் தொழில் மறந்துவிடும்போல.

பஸ் வரவில்லை. மரத்தூரில் எறும்பு வந்துவிட்டது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு எங்கிருந்துதான் சேதி போனதோ, பட்டையின் வெடிப்பிலிருந்து சாரை சாரையாக இறங்கி, ஈரமான மண்ணைச் சுற்றி மொய்த்துக்கொண்டன. பிரமு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதுகளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க” என்றாள். “எனக்குத் தெரியலியே.”

களி நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லலாமா என்று யோசித்தார். அந்த நேரம் பார்த்து வயிற்றில் பை சத்தம் போட்டது, சின்னதாக, பாதியில் நின்றுவிட்டது. பிரமு திரும்பவில்லை. எறும்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

“மாப்பிள்ளை என்ன சொல்லுதாரு?”

“இன்னும் மூணு மாசம் இருந்துட்டுப் போறாராம்.”

அவள் சிரிக்கவில்லை. “பெறவு போயிருவாருல்லா?” என்று கேட்டாள்.

“போயிருவாரு” என்றார் ஆவுடைநாயகம். சொன்னது பொய்யா மெய்யா என்று, முதல் தடவையாக, அவருக்கே தெரியவில்லை.